பத்தில் நின்ற முள்

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏற வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

விடுதியில் போன வருடத்து அறையையே கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி. பக்கத்து அறைக்கு இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். "ஆன்ட்டி, உங்க பொண்ணு எந்த ரூம்?" என்று கேட்டாள். "நான்தாம்மா அந்தப் பொண்ணு" என்றேன். பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது. முப்பத்தெட்டு வயதில் படிக்க வந்தால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு என்பது உங்களுக்குத் தெரியும். பதினாலு வருடமாக நர்ஸ். திட்ட அலுவலர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். நான் ஊசி போடக் கற்றுக்கொடுத்த பெண் இன்று என் லீவுத் தாளில் கையெழுத்துப் போடுகிறாள். வரும் ஏப்ரலில் மறுபடி நேர்காணல். அந்த நாற்காலி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் காலியாகும், நாற்பது வயது தாண்டினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே எனக்கு இதுதான் கடைசி பஸ்.

அந்த பஸ்ஸை ஓட்டப்போவது நீங்கள். டிப்போ தெருவிலும் அதைச் சுற்றியும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நீங்கள் பிரஷர் பார்த்துப் படிவத்தில் எழுதி அனுப்பினால்தான் எனக்கு ஆய்வேடு. களப்பணியாளராக அந்த வீடுகளுக்கு எப்படியும் போகிறீர்கள், அதோடு இதுவும். உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டக் கூடாது. மேல் எண் நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டால் பிரஷர் உள்ளவர் என்று கணக்கு.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், பிறகு எதிர்வீட்டுக்காரரும் என் பரீட்சை மதிப்பெண்ணை விசாரிக்கிறார். படிவக் கட்டோடு கடிதத்தையும் வைத்துவிடுங்கள்.

நீலப் பையில் இருக்கும் மெஷின் விஷயமாக ஒன்று சொல்ல நினைத்தேன். கிளம்பும் அவசரத்தில் விட்டுப்போயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 3

படிப்பாளி நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே சாப்பாடு வாய்க்கு விளங்குகிறதா? உன் அம்மாவின் முழங்காலுக்கு நீ சொன்னதைச் சொன்னேன். "அவ டாக்டரா, நர்ஸா?" என்று கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

இத்துடன் நூற்று முப்பது படிவங்கள் இருக்கின்றன. முதல் இரண்டு நாளில் பார்த்த முப்பத்தெட்டு பேர் விஷயத்தில் எனக்கே திருப்தி இல்லை. அதனால் அந்த வீடுகளுக்கு மறுபடி போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். "என்னம்மா, போன வாரம் ஏறின பிரஷரைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார் டிப்போ காவலாளி.

நூற்றுப் பதினெட்டாம் எண் யார் தெரியுமா? என் மாமியார், உன் அம்மா. போட்டோவுக்கு உட்காருவதுபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். நூற்று நாற்பத்தாறு. அந்தப் புதன்கிழமையே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. உன் அண்ணன் பட்டையைக் கட்டியதுமே கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் இல்லை, பயம்தான்.

லாண்டரிக்காரருக்கு நூற்று நாற்பத்தெட்டு. அதுவும் மாத்திரை போட்டுக்கொண்டே. டிப்போ தெரு மூலையில் புதன்கிழமை நடக்கும் மாத்திரை கிளினிக்குக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறார். கடையிலிருந்து எட்டு அடி தூரம், சூடான இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு அது ஆறுவதற்குள் போய்விடுவார். நீ அதிகாரியாகிவிட்டால் உன் வெள்ளைக் கோட்டை இனி யார் தேய்க்கக் கொடுப்பார்கள் என்று வருத்தப்பட்டார்.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதைப் பற்றி நீ யோசிக்காதே, படிப்பைப் பார்.

உன் அண்ணி

ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அம்மாவை மொட்டைமாடியிலிருந்து இறக்கிவிட்டீர்களா?

படிவங்கள் வந்தன. ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். வீட்டுக்குப் போகாமலே எண்ணை எழுதுகிறவர்களைக் கண்டுபிடிக்க எங்கள் புள்ளியியல் வகுப்பில் ஒரு வழி சொல்லித் தந்தார்கள். கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். சோம்பேறிகள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் முடிப்பார்களாம். உங்கள் படிவங்களை எடுத்துப்போட்டு எண்ணினோம். பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு எல்லாம் ஏறக்குறையச் சமமாக வந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்க எங்க ட்ரெயினிங் எடுத்தாங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டு சமையலறையில, மேடம்" என்றேன். பொய்யில்லையே. அடுப்படி ஸ்டூலில் அண்ணனை உட்கார வைத்துத்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எண்களைக் கணினியில் ஏற்றும்போது செய்ய வேண்டிய சின்னச் சின்னச் சரிக்கட்டல்களை நானே இங்கே செய்துகொள்கிறேன். நீங்கள் மெஷின் காட்டுவதை அப்படியே எழுதினால் போதும்.

வெயிலில் குடை இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை.

கடைசிக் கட்டு போன மாதம் வந்தது. அதில் உங்கள் கடிதம் இரண்டே வரி: "நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. என் செருப்பும் முடிந்தது." புதுச் செருப்பு நான் வாங்கித் தருவேன், மறுக்கக் கூடாது.

இப்போது நல்ல செய்தி. இடைக்கால அறிக்கையை முடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். சம்பளத்தோடு என்னைப் படிக்க அனுப்பியவர்கள் அவர்கள், அறிக்கை அவர்களுக்குப் போயாக வேண்டும். நம் வட்டாரத்தில் நூற்றுக்குப் பதினாலு பேருக்குத்தான் பிரஷர். மற்ற இடங்களில் இருபத்தாறு! அலுவலகத்திலிருந்து பெரியவரே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "இப்படி ஒரு ரிப்போர்ட்டுக்குத்தான் நாங்க காத்திருந்தோம். ஏப்ரல்ல பாக்கலாம்" என்றார். அண்ணி, "ஏப்ரல்ல பாக்கலாம்" என்று அவரே சொன்னார். போனை வைத்துவிட்டு விடுதி வராந்தாவில் இரண்டு சுற்று நடந்தேன். பக்கத்து அறைப் பெண், "என்ன ஆன்ட்டி, கல்யாணமா?" என்கிறாள்.

இதில் பாதிப் பெருமை உங்களுடையது. அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்குத் தானாகவே போய்விடும்.

உங்கள் நாத்தனார்

நவம்பர் 5

நாத்தனாருக்கு,

சுகம். உன் சளி முழுக்க விட்டதா? வெந்நீர் குடி.

நீ சொன்ன செய்தியைக் கேட்டு உன் அம்மா அழுதேவிட்டார். உன் அண்ணன் அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர் கையிலிருந்து டீ வருவது உலக அதிசயம்.

இன்னொரு செய்தி. புதன்கிழமை கிளினிக்கை எடுத்துவிட்டார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "அண்மைக் கணக்கெடுப்பின்படி இவ்வட்டாரத்தில் தேவை குறைவாக இருப்பதால்" என்று ஆரம்பிக்கிறது. இனி மாத்திரைக்கு மார்க்கெட் பக்கம் போக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும், அங்கே போய் வரிசை. லாண்டரிக்காரர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "கணக்கெடுத்தது நீங்கதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்கு ஒரு சந்தேகம். நீ பதினாலு என்கிறாய். என் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு மத்தியானம் முழுக்க எண்ணினேன். நூற்று நாற்பதும் அதற்கு மேலும் இருப்பவர்கள் நூற்றுப் பதினொரு பேர் வருகிறார்கள். அதாவது நூற்றுக்கு இருபத்தேழு. உன் அண்ணனையும் எண்ணச் சொன்னேன், அவருக்கும் அதேதான் வந்தது. ஐம்பத்து மூன்று பேர் எங்கே போனார்கள்?

எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்னவோ, எழுது.

அண்ணி

நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

கிளினிக் விஷயம் கேட்டு எனக்கும் சங்கடம்தான். ஆனால் ஆட்களை எந்த இடத்தில் போடுவது என்பது அலுவலகத்தின் முடிவு, அதில் என் கை இல்லை. தேவை அதிகமாக இருக்கும் இடத்துக்குப் போவதுதானே நியாயம்?

எண் விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். களத்தில் எழுதுகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கருவியின் தன்மையைப் பார்த்துச் சில திருத்தங்கள் செய்தாக வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு வேறு, இது வேறு. நோட்டை வைத்துக்கொண்டு நீங்களும் அண்ணனும் எண்ணினால் வித்தியாசம் வரத்தான் செய்யும். இதைப் பற்றி வெளியில் யாரிடமும் பேச வேண்டாம்.

ஆய்வேட்டை மார்ச்சில் கொடுக்க வேண்டும். மூச்சு விட நேரமில்லை.

உங்கள் நாத்தனார்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதி ஏழு வாரமாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் நான் எழுதிய கார்டுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் அம்மா எடுக்கிறார். "அவ வேலையா இருக்கா" என்கிறார். எந்த நேரத்துக்கு அடித்தாலும் வேலையா? ஸ்பீக்கரும் போடுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் எழுதியதில் ஏதாவது மனத்தைத் தைத்திருந்தால் திட்டியாவது எழுதுங்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

உங்கள் நாத்தனார்

ஜனவரி 18

நாத்தனாருக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "பள்ளிக்கூடக் கணக்கு" என்று எழுதியிருந்தாய். அதை உன் அண்ணன் பார்க்காமல் மடித்து வைத்தேன். ஆனால் நான் எழுதாததற்குக் காரணம் அது இல்லை.

டிசம்பர் பதினாறாம் தேதி காலையில் லாண்டரிக்காரர் கடையில் விழுந்துவிட்டார். கிளினிக் போனபிறகு மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். போனால் ஒரு நாள் கடையை அடைக்க வேண்டும். "அடுத்த வாரம் போறேன்மா, அடுத்த வாரம் போறேன்மா" என்று என்னிடமே நாலு தடவை சொன்னார். மாத்திரை இல்லாமல் ஐந்து வாரம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். அவர் மனைவிக்குத் துணை யாரும் இல்லையென்று நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவும் அலைச்சலுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குப்பையில் விழும் மாத்திரை அட்டைகள் குறைந்ததைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். இப்போது நானே மாதம் ஒருமுறை போய் வாங்கி வருகிறேன்.

இனி நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். மெஷினில் காற்றே இல்லாதபோதும் முள் பத்தில் நிற்கிறது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். சுகாதார நிலையத்தில் டாக்டர் அறை மெஷினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இது பத்து கூடக் காட்டுகிறது. அன்று முதல் ஒவ்வொரு ஆளுக்கும் பத்தைக் கழித்துவிட்டுத்தான் படிவத்தில் எழுதினேன். முதல் முப்பத்தெட்டு பேரிடம் மறுபடி போனது அதற்காகத்தான். வேறு மெஷின் கேட்டிருக்கலாம். எப்படிக் கெட்டது, யார் கையில் இருந்தது என்று எழுதித்தர வேண்டும், அதில் உன் பெயர் வரும். படிக்கப் போயிருக்கிறவளுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாமென்று விட்டேன். உன்னிடம் கேட்டால் நீ சங்கடப்படுவாய் என்று உன்னிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது "கருவியின் தன்மை" என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அதனால் கேட்கிறேன். நீயும் பத்து கழித்தாயா?

அண்ணி

பிப்ரவரி 1

அண்ணி,

கழித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் நிலையத்துப் படிக்கட்டில் என் கை தவறி விழுந்தது அந்த மெஷின். அந்த வாரம்தான் என் முதல் விண்ணப்பம் மேலே போயிருந்தது. பொருளை உடைத்தாள் என்று ஒரு தாள் அதோடு சேர வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். மனத்துக்குள் பத்து கழித்துக் கழித்தே இத்தனை வருடம் ஓட்டினேன், யாருக்கும் தெரியவில்லை. உங்களிடம் கொடுக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முன்னால் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அது கெடுமென்று சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு, அண்ணிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து எல்லா எண்ணிலும் பத்தைக் கழித்தேன். அதை எங்கேயும் குறித்து வைக்கவுமில்லை. அம்மா நூற்று முப்பத்தாறு ஆனார். லாண்டரிக்காரர் நூற்று முப்பத்தெட்டு ஆனார். இருவருக்கும் பிரஷர் இல்லை என்று நான்தான் எழுதினேன்.

ஓர் ஆளுக்கு நேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது எங்களுக்கு ஒரு பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். மூன்று நாளாக அதை எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை, அதனால் இதையும் சொல்கிறேன். படிவங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரியென்றுதான் யாருக்கும் தோன்றும். பத்து கூடக் காட்டும் மெஷின், பத்து கழித்தேன். நீங்கள் ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வெளியில் சொன்னால் மார்ச்சில் ஆய்வேடு நிற்காது, ஏப்ரல் நேர்காணல் போய்விடும். அடுத்தது வரும்போது எனக்கு நாற்பத்திரண்டு. சொல்லாமல் இருந்தால் மே மாதம் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, அந்த அதிகாரத்தில் கிளினிக்கைத் திரும்பக் கொண்டுவர முடியும். இப்படி யோசிக்கிறேன். யோசிக்கும்போதே வெட்கமாகவும் இருக்கிறது.

நான் என்ன செய்யட்டும்?

நாத்தனார்

பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா இப்போது முழு மாத்திரை போடுகிறார்.

இத்துடன் என் குறிப்பு நோட்டை அனுப்பியிருக்கிறேன். இடது பத்தியில் இருப்பது முள் காட்டியது. வலது பத்தியில் இருப்பது நான் கழித்து எழுதியது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தேதியோடு இருக்கிறார்கள். சில பக்கத்தில் மழைத்துளி பட்டிருக்கிறது, படிக்க முடியும்.

இதற்குப் பிரதி எடுக்கவில்லை. கையில் இருப்பது இது ஒன்றுதான். நீ என்ன செய்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன், உன் அண்ணனிடம்கூட. நீ என் வீட்டுப் பெண், எனக்கு அதில் மாற்றம் இல்லை.

என்ன செய்ய என்று என்னைக் கேட்காதே. லாண்டரிக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்தூக்கம் கெடுக்காதே.

அண்ணி

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

நோட்டு வந்து நான்கு நாள் அலமாரியில் இருந்தது. ஐந்தாம் நாள் எடுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இந்த அம்மா ரெண்டு பத்தி போட்டு எழுதியிருக்காங்க. நீ ஒரு பத்திகூடப் போடலியே" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஆய்வேட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டு அக்டோபரில் கொடுக்க வேண்டும். பிழையை மறைக்காமல் எழுதினால் பட்டம் உண்டு என்றார்கள். அதற்கான வாக்கியத்தை எழுதவே இரண்டு நாள் ஆயிற்று: "அளவெடுத்தவர் கருவியின் பிழையை ஏற்கெனவே நீக்கியிருந்தார், ஆய்வாளர் அவரைக் கேட்காமல் அதை மறுபடி நீக்கினார்."

தலைமை அலுவலகத்தில் நிற்க வைத்தே பேசினார்கள். என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் ஏறிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் எதற்குப் பயந்தேனோ அதே தாள்தான், கொஞ்சம் நீளமாக. நேர்காணல் போன வியாழக்கிழமை நடந்தது. நான் அன்று நூலகத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆசைப்பட்டதுதானே.

புதிய எண் இருபத்தேழு. உங்கள் மத்தியானக் கணக்குதான். கிளினிக் மே மாதம் முதல் புதன்கிழமையிலிருந்து டிப்போ தெருவில் மறுபடி நடக்கும். நான் அதற்கு முன்தினம் பழையபடி நர்ஸாக வேலையில் சேர்கிறேன். மெஷின் உடைந்ததற்கான கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்களுக்குப் புதியது வந்துவிடும்.

லாண்டரிக்காரரை நினைத்தால்தான் கால் பின்வாங்குகிறது. வலது கை விழுந்தவருக்கு இடது கையில்தான் பிரஷர் பார்க்க வேண்டும். நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, அந்தக் கையை நீட்டுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? நீட்டாவிட்டால் அவர்மேல் தப்பில்லை.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 17

என் நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் அண்ணனிடம் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "வரட்டும்" என்றார். உன் அம்மா உன் கட்டிலுக்கு வெயில் காட்டியாயிற்று. ஸ்பீக்கர் மறுபடி போட ஆரம்பித்துவிட்டார்.

புது மெஷின் வந்துவிட்டது. முள் பூஜ்யத்தில் நிற்கிறது. முதல் ஆளாக நூற்றுப் பதினெட்டாம் எண்ணைத்தான் பார்த்தேன். நூற்று முப்பத்திரண்டு, முழு மாத்திரையோடு.

லாண்டரிக்காரர் கடையைத் திறந்துவிட்டார். மனைவி பெட்டியைச் சூடு பண்ணிக் கொடுக்கிறார், அவர் இடது கையால் தேய்க்கப் பழகுகிறார். ஒரு சட்டைக்கு அரை மணி நேரம் ஆகிறது. நீ வேலைக்குத் திரும்புகிறாய் என்று மட்டும் சொன்னேன். "படிப்பு முடிஞ்சுதா?" என்றார். "இன்னும் கொஞ்சம் பாக்கி" என்றேன். உன் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதல் நாளைக்கு அது அவர் கையால் தேய்த்ததாக இருக்க வேண்டுமாம்.

அந்தக் கோட்டைத்தான் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். கழுத்துப் பட்டையில் ஒரு மடிப்பு கோணலாக நிற்கிறது. உன் அண்ணன், "நம்ம பெட்டியில ஒரு இழு இழுத்தா சரியாயிடும்" என்று எடுத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

அவர் தேய்த்தாயிற்று. நீ மறுபடி தேய்க்காதே. அப்படியே போட்டுக்கொண்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து சொல். பிரஷர் பட்டையைப் பிறகு எடுக்கலாம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே, சளி பிடிக்கும்.

உன் அண்ணி